ஆற்று வண்டலில் தங்கும் நஞ்சு



இன்றைய உரையில் நாம் சேற்றைப் பற்றிப் பேசவிருக்கிறோம். சேற்றைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். ஆறு கடலைச் சேரும் இடத்தில் படிகின்ற சேறு ஒரு கணக்குப் புத்தகத்தைப் போன்றது. மேல்கரையில் வாழும் மக்கள் எளிதில் அழியாத பொருள்களில் எதை எதை ஆற்றில் விட்டார்கள் என்பது அந்தச் சேற்றில் அடுக்கடுக்காகப் பதிந்திருக்கிறது. காலைப் பெரட்டில் ஒருவருடைய பேர் விட்டுப்போனால் மறுநாள் சொல்லித் திருத்திக்கொள்ளலாம். சேறு எழுதிவைத்த கணக்கைத் திருத்துவது அவ்வளவு எளிதன்று.

நம்முடைய காஜாங்கையே எடுத்துக்கொள்வோம். நகரின் நடுவே ஓடும் லங்காட் ஆற்றை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். உலு லங்காட்டில், நுவாங் மலைப் பக்கத்தில் தெளிந்த நீராகப் பிறக்கும் இந்த ஆறு, காஜாங், பாங்கி, டெங்கில் ஆகிய இடங்களைக் கடந்து, கேரித் தீவை அடுத்துள்ள சதுப்புக் கரைகளில் மலாக்கா நீரிணையோடு கலக்கிறது. வழியில் செமினி ஆறும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. தோட்டத்துக் கால்வாய், சந்தைச் சாக்கடை, பட்டறை வாசல், தொழிற்சாலைக் குழாய், வீட்டுக் கொல்லை என்று எல்லா இடங்களிலிருந்தும் வரும் நீர் கடைசியில் ஆற்றுக்குத்தான் போய்ச் சேருகிறது. ஒரு தகரத்தை நாம் சாக்கடையில் கழுவி ஊற்றினால், அது சில நிமிடங்களில் கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. மறைந்துவிட்டதால் தொலைந்துவிட்டது என்று கருதுகிறோம். அப்படிக் கருதலாமா என்பதுதான் இன்றைய கேள்வி.

நாம் எறியும் பொருள்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். செம்பனை மட்டையை வெட்டி வரிசையில் போட்டால் சில காலத்தில் அது மக்கி உரமாகிவிடுகிறது. சோற்றுக் கஞ்சி, காய்கறித் தோல், மாட்டுச் சாணம் ஆகியவையும் அப்படித்தான். மண்ணிலும் நீரிலும் வாழும் நுண்ணுயிர்கள் இவற்றைத் தின்று தீர்த்துவிடுகின்றன. இவை அந்த உயிர்களுக்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பழக்கமான உணவு.

மனிதன் ஆய்வுக்கூடத்தில் செய்த சில இரசாயனங்களோ அவற்றுக்குப் பழக்கமில்லாதவை. டி.டி.டி., டில்ட்ரின், ஆல்ட்ரின் போன்ற பழைய பூச்சிமருந்துகளும், மின்மாற்றிகளின் எண்ணெயில் கலக்கப்பட்ட பி.சி.பி. என்னும் பொருளும் இந்த வகையைச் சேர்ந்தவை. இவற்றில் கரியணுவோடு குளோரின் அணு இறுகப் பிணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பை அறுக்க நுண்ணுயிர்களால் எளிதில் முடிவதில்லை. டி.டி.டி. மண்ணில் பாதியாகக் குறைவதற்கே 2 முதல் 15 ஆண்டுகள் வரை ஆகலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படிக் குறையும்போதும் அது முழுவதும் ஒழிந்துபோவதில்லை. டி.டி.இ. என்னும் வேறொரு பொருளாக மாறி, அதுவும் நெடுங்காலம் நிலைத்திருக்கிறது.

இந்த இரசாயனங்களுக்கு இன்னொரு குணமும் உண்டு. எண்ணெய்க் கையை வெறுந்தண்ணீரில் கழுவிப் பாருங்கள், எண்ணெய் போகாது. அதைப் போலவே இவை தண்ணீரில் கரைய மறுக்கின்றன, கொழுப்பில் கரைகின்றன. ஆகவே ஆற்று நீரில் விழுந்த உடனே ஒட்டிக்கொள்ள ஓர் இடத்தைத் தேடுகின்றன. மெல்லிய களிமண் துகளும், அழுகிய இலைதழைத் துகளும் அவற்றுக்கு வசதியான இடங்கள். நீரை மட்டும் மொண்டு சோதித்தால் சில வேளைகளில் ஒன்றும் தென்படாது. அடியில் இருக்கும் வண்டலைச் சோதித்தால்தான் உண்மை தெரியும்.

சரி, இந்தத் துகள்கள் ஏன் கழிமுகத்தில் போய்த் தங்குகின்றன? பால்மரத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. வாளியில் இருக்கும் இரப்பர்ப் பாலில் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் மிதந்துகொண்டிருக்கின்றன. அதில் திராவகத்தைக் கலந்தவுடன் அவை ஒன்றுகூடி உறைந்துவிடுகின்றன. ஆற்றின் களிமண் துகள்களும் நன்னீரில் தனித்தனியே மிதந்து வருபவைதாம். கடலின் உப்பு நீர் பட்டவுடன் அவை கூடிக் கட்டியாகி, கனம் தாங்காமல் அடியில் படிகின்றன. அங்கே அலையும் ஏற்றவற்றமும் நீரின் வேகத்தைத் தணிக்கின்றன. பக்காவ் மரங்களின் வேர்கள் சல்லடையைப் போல வண்டலைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. இப்படி, துகள்கள் சுமந்து வந்த நஞ்சும் அவற்றோடு சேர்ந்து இறங்கிவிடுகிறது. கடலோரக் காயல்களிலும் நடப்பது இதுதான். காயல் என்பது மணல்மேட்டால் கடலிலிருந்து பிரிந்து கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பு. அங்கே நீரோட்டம் இன்னும் மெதுவாக இருப்பதால், வந்து சேர்ந்தது வெளியேறுவதற்குக் காலம் பிடிக்கிறது.

விஞ்ஞானிகள் நீளமான குழாயைச் சேற்றில் இறக்கி, உள்ளே சிக்கிய சேற்றை உருக்குலையாமல் எடுத்துச் சோதிக்கிறார்கள். மேலே இருப்பது அண்மையில் படிந்தது; கீழே போகப் போகப் பழையது. எந்த ஆண்டளவில் எந்தப் பொருள் ஆற்றில் வந்தது, எப்போது குறைந்தது என்பதை அடுக்குகளைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள். கணக்குப் புத்தகம் என்று நாம் தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

டி.டி.டி.யைப் பற்றிச் சொல்லும்போது நாம் நேர்மையாகப் பேசவேண்டும். அது மனிதருக்குச் செய்த நன்மையையும் மறைக்கக்கூடாது. நம் முன்னோர் இந்த நாட்டில் காடழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் மலேரியாக் காய்ச்சல் குடும்பம் குடும்பமாக அவர்களை வாரிக்கொண்டு போனது. 1901-ஆம் ஆண்டில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டி நீரை வடித்தே கிள்ளான் நகரில் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். பின்னர் 1939-ஆம் ஆண்டில் பால் முல்லர் என்ற சுவிட்சர்லாந்து விஞ்ஞானி டி.டி.டி.க்குப் பூச்சிகளைக் கொல்லும் ஆற்றல் உண்டு என்று கண்டறிந்தார். அதற்காக அவருக்கு 1948-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1967-இல் தீபகற்ப மலேசியாவில் மலேரியா ஒழிப்புத் திட்டம் தொடங்கப்பட்டபோது, வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. தெளிக்கப்பட்டது. சுவரில் படிந்த வெள்ளைப் பூச்சு நம் வீட்டுப் பெரியவர்களில் பலருக்கு இன்றும் நினைவிருக்கும். அந்த மருந்தால் பிழைத்த உயிர்கள் பல.

ஆனால் அந்த மருந்து வேலை முடிந்தவுடன் விடைபெற்றுக்கொள்ளவில்லை. 1967-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாக்கியது. நியூயார்க்கை அடுத்த லாங் தீவின் கடலோரச் சதுப்பில் கொசுவை ஒழிக்கப் பல ஆண்டுகள் டி.டி.டி. தெளித்திருந்தார்கள். அந்தச் சதுப்பின் சேற்றை அளந்தபோது, ஏக்கருக்குச் சராசரியாக 13 இராத்தலுக்கும் மேற்பட்ட டி.டி.டி. தங்கியிருந்தது. ஓரிடத்தில் 32 இராத்தல் வரை இருந்தது.

அதைவிட வியப்பானது, அங்கே வாழ்ந்த உயிர்களில் கண்ட கணக்கு. நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களில் பத்து இலட்சத்தில் 0.04 பங்குதான் டி.டி.டி. இருந்தது. மீனைத் தின்னும் கடற்காகம் ஒன்றின் உடலிலோ 75 பங்கு இருந்தது. ஏறத்தாழ 1,900 மடங்கு! இது எப்படி? நுண்ணுயிரைச் சின்ன மீன் தின்கிறது. ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் தின்கிறது. உணவு செரித்துவிடுகிறது; நஞ்சு மட்டும் கொழுப்பில் தங்கிவிடுகிறது. அந்தச் சின்ன மீன்களைப் பெரிய மீன் தின்கிறது. பெரிய மீனைப் பறவை தின்கிறது. மாதந்தோறும் சிறுகச் சிறுகச் சீட்டுப் பணம் சேருவதைப் போல, படிக்குப் படி நஞ்சு சேர்ந்துகொண்டே போகிறது. அந்தச் சீட்டைக் கடைசியில் எடுப்பவர் மேல்படியில் இருப்பவர். மீன் தின்னும் மனிதரும் அந்த மேல்படியில்தான் நிற்கிறோம்.

டி.டி.இ. சேர்ந்த பருந்து, கழுகு போன்ற பறவைகளின் முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்துபோனது. அமெரிக்கா 1972-இல் டி.டி.டி.யின் பொதுப் பயன்பாட்டைத் தடை செய்தது. நம் நாட்டிலும் 1990-களின் இறுதியில் அதன் பயன்பாடு நிறுத்தப்பட்டது.

இப்போது நம் சமையலறைக்கு வருவோம். கெராங் என்று நாம் வாங்கும் மட்டிச் சிப்பி சேற்றில் புதைந்து வாழ்வது. அது நாள் முழுவதும் நீரை உறிஞ்சி, வடிகட்டி, அதில் உள்ள துகள்களைத் தின்கிறது. நீரும் சேறும் தூய்மையாக இருந்தால் அது நல்ல உணவு. அசுத்தமாக இருந்தால் அந்த அசுத்தம் அதனுள் சேருகிறது. நன்றாக வேகவைத்தால் கிருமிகள் சாகும். ஆனால் ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களும் நாம் மேலே சொன்ன இரசாயனங்களும் வெந்நீரில் அழிவதில்லை. இந்த வேறுபாட்டைத் தாய்மார்கள் நினைவில் வைக்கவேண்டும்.

இதைக் கேட்டுவிட்டு மீனையே விட்டுவிடவேண்டும் என்று யாரும் நினைக்கவேண்டாம். மீன் பிள்ளைகளின் வளர்ச்சிக்கு அவசியமான உணவு. ஒரே இடத்து மீனை, ஒரே வகை மீனையே எந்நாளும் உண்ணாமல் மாற்றி மாற்றி உண்பது நல்லது. பிற மீன்களைத் தின்று நெடுங்காலம் வாழும் பெரிய மீன்களைவிட, சிறிய மீன்களில் நஞ்சு சேர்ந்திருக்கும் வாய்ப்புக் குறைவு. குடலையும் கொழுப்பையும் நீக்கிவிட்டுச் சமைப்பதும் நல்ல பழக்கம். தொழிற்சாலைக் கழிவு விழும் ஓடையிலும், மருந்துத் தகரம் கழுவும் கால்வாயிலும் பிள்ளைகள் தூண்டில் போடுவதைத் தடுக்கவேண்டும். தாய்ப்பாலிலும் இந்த இரசாயனங்கள் சிறிதளவு காணப்பட்டது உண்மையே. எனினும் தாய்ப்பாலின் நன்மை அதைவிடப் பெரிது. குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தக்கூடாது என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை.

சேற்றில் புதைந்தது அப்படியே கிடக்கட்டுமே என்று கேட்கலாம். புதைந்தது எப்போதும் புதைந்தே இருப்பதில்லை. வெள்ளம் வந்து கிளறுகிறது. துறைமுகத்தை ஆழப்படுத்தத் தூர் வாரும்போது மேலே வருகிறது. சேற்றில் வாழும் புழுக்களும் நண்டுகளும் அதைத் தோண்டி எடுத்து உணவுச் சங்கிலியில் சேர்க்கின்றன.

பிரான்சு நாட்டில் ஆர்க்காஷோன் என்ற கடற்காயல் உண்டு. அங்கே சிப்பி வளர்ப்பு பேர்பெற்ற தொழில். 1970-களின் பிற்பகுதியில் அங்கே சிப்பிகளின் ஓடு கோணலாகத் தடித்தது; குஞ்சுகள் பிழைக்கவில்லை; வளர்ப்போர் வருமானம் இழந்தார்கள். படகுகளின் அடியில் பாசியும் சிப்பியும் ஒட்டாதிருக்கப் பூசிய, டி.பி.டி. என்னும் வெள்ளீயச் சேர்மம் கலந்த சாயமே காரணம் என்று தெரிந்தது. 1982-இல் சிறிய படகுகளில் அந்தச் சாயத்தைப் பிரான்சு கட்டுப்படுத்தியது. சிப்பிக் குஞ்சுகள் மீண்டும் பிழைக்கத் தொடங்கின. கப்பல்களில் அதைப் பூசக்கூடாது என்ற உலக உடன்பாடு 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது. கிள்ளான் துறைமுகத்தைப் போலக் கப்பல்கள் ஓயாமல் வந்துபோகும் கரைகளுக்கு இது முக்கியமான உடன்பாடு. நீரில் குறைந்த பிறகும், சேற்றில் அந்தச் சாயத்தின் நஞ்சு ஆண்டுக்கணக்கில் தங்குகிறது.

சேற்றைச் சுத்தம் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்பதற்கு ஜப்பானின் மினமாட்டா விரிகுடா சான்று. அங்கே சிசோ என்ற இரசாயனத் தொழிற்சாலை பாதரசக் கழிவைக் கடலில் விட்டது. மீனை உண்ட மக்களுக்குக் கைகால் நடுங்கியது, பார்வை மங்கியது, பேச்சுத் தடுமாறியது. தாயின் வயிற்றிலிருந்த சிசுவையும் அது விடவில்லை. 1956-ஆம் ஆண்டில் அந்த நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டது. கழிவு நின்றது 1968-இல்தான். அதன்பின் 1977 முதல் 1990 வரை, ஏறத்தாழ 15 இலட்சம் கன மீட்டர் சேற்றைக் கையாண்டு, விரிகுடாவின் ஒரு பகுதியை மூடி 58 ஹெக்டர் நிலமாக்கினார்கள். ஒரு குழாயை அடைத்திருந்தால் தீர்ந்திருக்கக்கூடிய ஒன்று, ஒரு தலைமுறை உழைப்பையும் எண்ணற்ற உயிர்களின் நலத்தையும் விழுங்கியது.

தோட்ட மக்கள் மறக்கக்கூடாத இன்னொரு வரலாறு கேரளத்தின் காசர்கோட்டில் நடந்தது. அங்கே முந்திரித் தோட்டங்களின்மீது 1970-களிலிருந்து 2000 வரை எண்டோசல்ஃபான் என்னும் மருந்தை ஹெலிகாப்டரிலிருந்து தெளித்தார்கள். கீழே வீடுகளும் கிணறுகளும் ஓடைகளும் இருந்தன. அவ்வூர்களில் பிறவிக் குறைகளும் நரம்பு நோய்களும் மிகுந்திருப்பதாக மக்களும் மருத்துவர்களும் முறையிட்டார்கள். 2011-இல் இந்திய உச்சநீதிமன்றம் அந்த மருந்தை நிறுத்தி வைத்தது. அதே ஆண்டில் உலக நாடுகளும் அதை ஒழிக்கவேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தன.

அந்தப் பட்டியல் 2001-இல் ஸ்டாக்ஹோம் நகரில் ஏற்பட்ட உடன்பாட்டில் உள்ளது. முதலில் 12 பொருள்களோடு தொடங்கிய அது, இன்று 30-க்கும் மேற்பட்ட பொருள்களைக் கொண்டிருக்கிறது. நம் நாட்டிலும் 1974-ஆம் ஆண்டிலேயே சுற்றுச்சூழல் தரச் சட்டமும் பூச்சிமருந்துச் சட்டமும் இயற்றப்பட்டன. தோட்டங்களில் களைக்கு அடித்துவந்த பாராகுவாட் மருந்து 2020-ஆம் ஆண்டு முதல் தடை செய்யப்பட்டது. அதற்காக மருந்தடிக்கும் பெண்களும் அவர்களுக்குத் துணைநின்ற அமைப்புகளும் பல்லாண்டு குரல் கொடுத்தார்கள் என்பதை நம் பிள்ளைகள் அறியவேண்டும்.

இனி, நம் கையில் இருப்பது என்ன? மலேசிய, ஜப்பானிய விஞ்ஞானிகள் இணைந்து நம் நாட்டு ஆறுகளிலும் கழிமுகங்களிலும் வண்டலை எடுத்துச் சோதித்து, 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல இடங்களில் அவர்கள் கண்ட எண்ணெய் மாசுக்கு ஒரு முக்கியக் காரணம், வண்டிகளிலிருந்து வடித்த பழைய இயந்திர எண்ணெய். அதாவது, பெரிய ஆலைகள் மட்டுமன்றி, மோட்டார் சைக்கிள் எண்ணெயை மாற்றிவிட்டுச் சாக்கடையில் ஊற்றும் கையும் அந்தக் கணக்கில் இருக்கிறது. ‘ஆற்றில் போட்டாலும் அளந்து போடு’ என்றார்கள் நம் பெரியவர்கள். சில பொருள்களை அளந்துகூடப் போடக்கூடாது என்று இன்று நாம் சேர்த்துச் சொல்லவேண்டும்.

பழைய எண்ணெயை ஒரு கலனில் சேர்த்து, முறையாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் பட்டறையில் கொடுங்கள். அது சட்டப்படி தனியாகக் கையாளவேண்டிய கழிவு. மருந்துக் கலனைக் காலி செய்ததும் மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றிப் பயன்படுத்தவேண்டும். பிறகு கலனை ஓட்டையிட்டு ஸ்டோரில் ஒப்படைக்கவேண்டும். எவ்வளவு அழகான கலனாக இருந்தாலும் அதில் குடிதண்ணீரோ சமையல் எண்ணெயோ அரிசியோ வைக்கக்கூடாது. தெளிப்பானையும் மருந்துபட்ட உடையையும் ஓடையில் கழுவக்கூடாது. செம்புக் கம்பி எடுப்பதற்காக மின்கம்பியின் உறையை எரிப்பதும், பிளாஸ்டிக்கைக் கொல்லையில் கொளுத்துவதும் டையாக்சின் என்னும் கொடிய பொருளை உண்டாக்கும். அது சாம்பலோடும் மழையோடும் கலந்து அதே ஆற்றுக்குத்தான் போகும்.

பொறுப்பு முழுவதையும் தொழிலாளி தலையில் சுமத்துவது நியாயமன்று. எந்த மருந்தை வாங்குவது என்று தீர்மானிப்பது நிர்வாகம். கழிவுக் குழாயைத் திறந்துவிடுவது ஆலை. ஆகவே கேட்கவேண்டியதைக் கேட்கும் உரிமையும் நமக்குண்டு. அபாயமான இரசாயனங்களைக் கையாளும் தொழிலாளிக்கு அதன் தன்மையை விளக்கவும் பயிற்சியும் பாதுகாப்பு உடையும் தரவும் முதலாளி கடமைப்பட்டவர் என்று 1994-ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்புச் சட்டமும் அதன்கீழ் 2000-இல் வந்த விதிகளும் கூறுகின்றன. கலனில் ஒட்டியுள்ள தாளைப் படித்துச் சொல்லுமாறு கேளுங்கள். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் அவனிடமே படிக்கக் கொடுங்கள். ஓடையில் நிறம் மாறினால், மீன் செத்து மிதந்தால், நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு சுற்றுச்சூழல் துறைக்குத் தெரிவியுங்கள்.

எங்களைப் போன்ற தோட்டப்பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளுக்கு ஓர் எளிய பயிற்சி கொடுப்பதுண்டு. பள்ளிக்கூடத்துச் சாக்கடை எங்கே போகிறது என்று வரைபடத்தில் விரலால் தொட்டுக்கொண்டே போகச் சொல்வோம். கால்வாய், ஓடை, லங்காட் ஆறு என்று போய், விரல் கேரித் தீவில் வந்து நிற்கும். நேயர்களும் தங்கள் வீட்டிலிருந்து தொடங்கி, பிள்ளைகளோடு சேர்ந்து அதைச் செய்து பார்க்கலாம். விரல் போய் நிற்கும் இடத்தில் யாரோ வலை வீசிக்கொண்டிருக்கிறார். அந்த மீன் நாளை நம் ஊர்ச் சந்தைக்கும் வரலாம் என்பதையும் அப்போது அவர்களுக்குச் சொல்லுங்கள்.